இருபது கிராம்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வண்டிச் சாமான் கிடைக்காமல் திரும்பியவர்கள் குறைவு. சீட் உறை, ஹாரன், அலாய் வீல், டயர் என்று கடைகள் நடைபாதை வரை பிதுங்கி நிற்கும். டயர் விற்பவர்கள் அங்கே ஏராளம். ஆனால் கனமான பைக்கின் சக்கரத்தைக் கழற்றி, டயர் மாற்றி, பேலன்ஸ் பார்த்துப் பூட்டித் தருகிற கை தேடித்தான் கிடைக்கும். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பக்கத்துச் சந்து ஒன்றுக்குப் போனேன். ஒரு ஷட்டர் அகலத்துக் கடை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், உதவிக்குப் பீகாரிலிருந்து வந்த ஓர் இளைஞர். பெரியவரை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைக்கிறார்கள். நாமக்கல்லில் லாரி டயரோடு தொழில் பழகியவர்.

இந்தத் தொழிலுக்குச் சென்னை பொருத்தமான ஊர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. புல்லட் திருவொற்றியூரிலிருந்து வந்தது. அதே திருவொற்றியூரில் 1946-இல் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை. அது வளர்ந்துதான் எம்.ஆர்.எஃப். வண்டியும் டயரும் இப்படி ஒரே ஊரில் வேர்விட்டிருக்க, இரண்டையும் சேர்த்து ஓடவைக்கிற கைவேலையைப் பற்றி மட்டும் நாம் எழுதியதே இல்லை.

நான் போன காலையில் ஸ்டாண்டில் நின்றது ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியர் 650 ஒன்று. எரிபொருளோடு 241 கிலோ எடை. முன் சக்கரம் 19 அங்குலம், பின் சக்கரம் 16. உரிமையாளர் வங்கி ஊழியர். மனைவியோடு கொல்லிமலைக்கும் வால்பாறைக்கும் கிளம்பும் திட்டம். என்ன டயர் போடலாம் என்று அவர் கேட்டார். மாஸ்டர் டயரின் பெயர் எதையும் சொல்லவில்லை.

"வண்டியில யாரு யாரு போறீங்க சார்? பெட்டி எத்தனை?"

"நானும் வீட்ல அவங்களும்ண்ணே. ரெண்டு சைடு பாக்ஸ், பின்னாடி ஒரு பை."

"ஹைவே ஜாஸ்தியா, மலையா?"

"போறது வர்றது எல்லாம் ஹைவேதான்."

பிறகுதான் பழைய டயரைத் தடவிப் பார்த்தார். நடுப்பகுதியில் பட்டன் தேய்ந்து பட்டையாகியிருந்தது. ஓரங்களில் பட்டன் அப்படியே இருந்தது. நேர்சாலையில் மட்டுமே ஓடிய டயரின் அடையாளம் இது. பைக் டயர் வில்போல வளைந்த முகம் கொண்டது; வண்டி சாயும்போது தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சீராக நகர வேண்டும். நடு பட்டையாகிவிட்டால் அங்கே ஒரு விளிம்பு உண்டாகிறது. வளைவில் வண்டி முதலில் சாய மறுக்கும், விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். கொல்லிமலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 70. பின்னால் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு எழுபது முறை அப்படி விழுந்து எழுவது விளையாட்டில்லை. பட்டன் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறதே என்று உரிமையாளர் தயங்கினார். மாஸ்டர் அவர் கையைப் பிடித்து அந்த விளிம்பின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

புது டயரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பார்ப்பது பக்கச்சுவரில் இருக்கும் எழுத்துகளை. பெரும்பாலோர் 150/80-16 என்ற அளவோடு நின்றுவிடுகிறார்கள். அகலம் 150 மில்லிமீட்டர், உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 16 அங்குலம் என்பது அதன் பொருள். அதற்குப் பக்கத்தில் 71H என்று சிறிதாக இருப்பதுதான் அவர் விரல் வைத்துக் காட்டிய இடம். 71 என்பது சுமை எண்: அந்த டயர் 345 கிலோ தாங்கும். H என்பது வேக எழுத்து: மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. முன் டயரில் 57H; அது 230 கிலோ. 241 கிலோ வண்டி, இரண்டு பேர், பெட்டிகள் என்று கூட்டினால் நானூறு கிலோவை எளிதாகத் தாண்டும். கூடிய சுமையில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் மேல் உட்காரும். அதே அளவில், விலை குறைவாக, சுமை எண் குறைந்த டயர் கிடைத்தால் அதை மாட்டித் தரமாட்டேன் என்கிறார். நியாயமான பிடிவாதம். அதிகச் சுமையில் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி நிமிரும், சூடேறும். மே மாத நெடுஞ்சாலைத் தாரின் வெப்பமும் சேர்ந்தால் டயருக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

அடுத்து அவர் தேடியது நான்கு இலக்கங்களை. 3224 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் கடையில் சும்மா இருந்தாலும் முதுமையடையும். வெயில் படும் வாசலில் தொங்கினால் இன்னும் சீக்கிரம். தள்ளுபடி என்று சொல்லிக் கொடுக்கும் டயரில் இந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ரேடியல் என்றால் அளவுக்கு நடுவே R இருக்கும், சாதா பயாஸ் (கிராஸ்-பிளை) டயர் என்றால் வெறும் கோடு. வண்டி தயாரிப்பாளர் சொல்லாதவரை முன்னே ஒரு வகை, பின்னே ஒரு வகை என்று கலப்பதில்லை என்பது அவர் கடை விதி.

ஹோண்டா கோல்டு விங் போன்ற பெரிய சுற்றுலா வண்டிகளில் அமெரிக்காவில் சிலர் பின் சக்கரத்துக்குக் கார் டயரையே மாட்டுகிறார்கள். அதிக நாள் உழைக்கும் என்பது அவர்கள் வாதம். இதை நான் சொன்னதும் மாஸ்டர் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "கார் சாயாது சார், பைக் சாயும்" என்றார். கார் டயரின் முகம் தட்டை. சாய்ந்தால் அது நிற்பது தன் ஓரத்தில். பைக் ரிம்மின் ஓர அமைப்பும் கார் ரிம்மைப்போல் அல்ல. நான் மாஸ்டர் பக்கம்தான். டயர் அதிக நாள் உழைக்க வேறு வழிகள் உண்டு.

பழைய டயரைக் கழற்றும் வேலை வேகமாக முடிந்தது. ரிம்மில் கறை, துரு, பழைய ரப்பர் துகள் எல்லாவற்றையும் அந்த இளைஞர் துடைத்து எடுத்தார். வால்வும் புதிது, டயர் மாற்றும்போது வால்வையும் மாற்றாவிட்டால் அந்தச் சிறு ரப்பர்தான் நடுவழியில் கைவிடும். புது டயரில் வண்ணப் புள்ளி ஒன்று இருக்கும். டயரின் எடை குறைந்த இடம் அது. வால்வு இருக்கும் பக்கம் ரிம்மின் கனமான பக்கம் என்பதால் இரண்டையும் ஒரே இடத்தில் பொருத்தி வைக்கிறார்கள். அம்புக்குறி சுழலும் திசையைச் சொல்லும். சோப்புத் தண்ணீர் தடவி, லீவர் போட்டு, காற்றடித்தபோது டயரின் ஓரம் ரிம்மில் டப் டப்பென்று இரண்டு முறை உட்கார்ந்தது. சத்தம் கேட்டதோடு அவர் விடவில்லை. டயரில் ரிம்முக்கு அருகே சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓர் இடத்தில் உள்வாங்கியிருந்தது. காற்றை இறக்கி, மீண்டும் சோப்புத் தண்ணீர், மீண்டும் காற்று. இந்தக் கோடு சரியாக இல்லாவிட்டால் எத்தனை எடை ஒட்டினாலும் சக்கரம் குதிக்கும்.

பிறகு நான் பார்க்கவந்த வேலை. மேசையில் இரும்பு ஸ்டாண்ட். இரு தூண்களின் தலையிலும் இரண்டிரண்டு சின்ன பேரிங்குகள். சக்கரத்தின் நடுவே ஒரு ராடைச் செருகி, இருபுறமும் கூம்பு வைத்து இறுக்கி, அந்தப் பேரிங்குகளின் மேல் வைத்தார். கடையின் மின்விசிறியை இளைஞர் தானாகவே நிறுத்தினார். விரல் நுனியால் ஒரு சிறு தள்ளு. சக்கரம் சோம்பலாகச் சுற்றி, நின்று, சிறிது பின்னோக்கி வந்து, அசைந்து அசைந்து ஓய்ந்தது. கனமான இடம் கீழே. அதற்கு நேர் மேலே சாக்பீஸ் கோடு. இன்னொரு முறை, இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் அதே கோடு மேலே வந்து நின்றது.

கோட்டருகே பத்து கிராமைத் தாற்காலிகமாக ஒட்டினார். கோட்டைப் பக்கவாட்டுக்குத் திருப்பிக் கையை எடுத்தார். சக்கரம் மெல்ல நழுவியது. இன்னொரு ஐந்து. இன்னும் நழுவல். இன்னொரு ஐந்து. இப்போது எந்தக் கோணத்தில் விட்டாலும் விட்ட இடத்திலேயே நின்றது. இருபது கிராம்.

இருபது கிராமில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காகக் கணக்கை அங்கேயே போட்டுப் பார்த்தேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 19 அங்குல முன் சக்கரம் நொடிக்குப் பதின்மூன்று முறைக்குமேல் சுற்றுகிறது. ரிம்மில் 20 கிராம் கூடியிருந்தால் அது அந்த வேகத்தில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ விசையாக மாறிச் சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேலே, கீழே, முன்னே, பின்னே. 50 கிலோமீட்டரில் அது ஒரு கிலோவுக்கும் குறைவு. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத குறை நெடுஞ்சாலையில் ஹேண்டில்பார் நடுக்கமாக வருவதற்குக் காரணம் இதுதான். விரல்கள் மரத்துப்போகும், டயர் திட்டுத்திட்டாகத் தேயும், பேரிங் சீக்கிரம் போகும்.

கார் சக்கரத்துக்கு இருக்கும் கணினி மெஷினில் இதைச் செய்ய முடியாதா என்று கேட்டேன். பைக் சக்கரத்தைப் பிடிக்கத் தனி அடாப்டர் வேண்டும். பல கடைகளில் அது இல்லை. அதனாலேயே பல இடங்களில் பைக்குக்கு பேலன்ஸ் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஒல்லியான பைக் சக்கரத்துக்கு இந்த ஸ்டாண்டும் பொறுமையும் போதும். பஞ்சருக்குப் பயந்து டயருக்குள் திரவம் ஊற்றிக்கொண்டு வருபவர்களை அவர் முதலில் கழுவிக்கொண்டு வரச் சொல்கிறார். நின்ற வண்டியில் அந்தத் திரவம் அடியில் தேங்கி, எங்கே கனம் என்று சக்கரம் சொல்லும் பதிலையே மாற்றிவிடும்.

பழைய ஹிமாலயன் பைக் ஒன்றும் அன்று காத்திருந்தது. 21 அங்குல ஸ்போக் சக்கரம். அதில் பேலன்ஸுக்கு முன்னால் கோட்டம் எடுக்க வேண்டும். ஒரு கம்பியை ரிம்முக்கு அருகே நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றி, எங்கே உரசுகிறது என்று பார்த்து ஸ்போக் நிப்பிளைக் கால் திருகு, அரைத் திருகு என்று இறுக்குகிறார். ஸ்பேனரால் ஸ்போக்குகளைத் தட்டிக்கொண்டே போவார். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். காதால் செய்யும் இந்த வேலையை அந்த இளைஞர் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஒன்று என்னை உறுத்தியது. ஒட்டும் எடைகள் ஈயம். நாள் முழுக்க வெறுங்கையால் அதை வெட்டுகிறார்கள், அதே கையால் டீ குடிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கார்ச் சக்கரங்களுக்கு ஈய எடையை 2005-இலேயே நிறுத்திவிட்டார்கள். இரும்பிலும் துத்தநாகத்திலும் எடைகள் வருகின்றன. விலை சற்று அதிகம். இதைச் சொன்னேன். வாங்குபவர் கேட்டால் வாங்கி வைக்கிறேன் என்றார் மாஸ்டர்.

சக்கரத்தைப் பூட்டி, ஆக்ஸில் நட்டை டார்க் ரெஞ்சில் இறுக்கி, வண்டி ஆறியிருக்கும்போதே காற்றளவைப் பார்த்துக் கொடுத்தார். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் அதிகம் சாய்க்காமல், பிரேக்கைப் பிடித்து இழுக்காமல் ஓட்டச் சொன்னார். புது டயரின் வழவழப்பு போக அவ்வளவு தூரம் வேண்டும். பேலன்ஸுக்கு அவர் கேட்ட கூலி டயர் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உரிமையாளர் அதிலும் குறைக்கச் சொன்னார்.

நீண்ட தூரம் கன வண்டி ஓட்டுபவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை டயர் மாற்றும்போது சுமை எண்ணையும் தயாரிப்பு வாரத்தையும் நீங்களே படியுங்கள். சக்கரத்தைக் கழற்றி பேலன்ஸ் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஈயமில்லாத எடையைக் கேளுங்கள். பார்த்துத் தருகிறவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.