பாறைக்குப் பக்கத்தில் ஒரு பலகை

நினைவுச்சின்னங்களுக்கும் பூங்காக்களுக்கும் விளக்கப் பலகை வடிவமைப்பது என் தொழில். வேலை கொடுப்பவர்கள் வரலாற்றுக் குறிப்பைத் தட்டச்சு செய்தே கையில் தந்துவிடுவார்கள்: எந்த நூற்றாண்டு, எந்த மன்னன், எத்தனை அடி. எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் உச்சி வெயிலில், இடுப்பில் குழந்தையோடு நிற்கிறவர் அதைப் படிக்கமாட்டார். அவர் நிற்கும் இடத்திலிருந்து எது கண்ணுக்குத் தெரிகிறதோ, பலகை அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மாமல்லபுரத்து அருச்சுனன் தபசுச் சிற்பத்தையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 30 மீட்டர் நீளப் பாறை முழுக்கத் தேவர்கள், முனிவர்கள், வேடர்கள், விலங்குகள். வருகிறவர்கள் யானையைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், நகர்ந்துவிடுவார்கள். அந்த யானையின் தந்தத்துக்குக் கீழே ஒரு பூனை, பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. பக்கத்தில் எலிகள். பாறையில் உள்ள பிளவுக்கு இடப்புறம் மேலே, விலா எலும்பு துருத்த, ஒற்றைக் காலில் அதேபோல் கைதூக்கி நிற்கிறார் ஒரு தவசி, அருகில் சிவன். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டவர் லேசில் அங்கிருந்து கிளம்பமாட்டார். ‘யானையின் தந்தத்துக்குக் கீழே பாருங்கள். இதேபோல் நிற்கும் இன்னொருவர் எங்கே?’ தலைப்புக்கு இது போதும். பல்லவர் வரலாறு அடியில் சிறிய எழுத்தில் வரட்டும்.

தவசி அருச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்ற விவாதத்தையும் மறைக்கக் கூடாது. பிளவில் நாகர்கள் இருக்கிறார்கள். மேலே தொட்டி இருந்த தடயமும் உண்டு என்பதால், அவ்வழியே நீர் விழுந்திருக்கலாம் என்கிறார்கள். அதைச் சொல்லி நிறுத்திவிட்டால், குடும்பத்தோடு வந்தவர்கள் அங்கேயே நின்று வாதாடுவார்கள். தகவல் வேறு, விளக்கம் வேறு என்று ஃப்ரீமன் டில்டன் 1957-இல் எழுதினார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களை வைத்து எழுதிய நூல்தான். நம் கடற்கரைக்கும் அது பொருந்துகிறது.

கடற்கரை என்றதும் உப்புக்காற்று. சாதாரண இரும்புச் சட்டம் சீக்கிரம் துருப்பிடிக்கும். எவர்சில்வரிலும் 316 தரம் வேண்டும். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சும். தமிழ் எழுத்தில் முதலில் மறைவது புள்ளி. அதனால் மெல்லிய எழுத்துருவை நான் வெளியிடத்தில் பயன்படுத்துவதே இல்லை. சிற்பம் கிழக்கு நோக்கியது, காலை வெயில் பலகையிலும் நேராக விழும். பளபளப்புப் பூச்சு கூடாது. இடுப்பளவு உயரத்தில் சாய்த்து, படமெடுப்பவரின் பார்வையை மறிக்காமல் ஓரமாக வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரும் கிட்டே வந்து படிக்க முடிய வேண்டும்.

பலகை வைக்கப் போகிற அதிகாரிகளுக்கும் அறங்காவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அச்சுக்குக் கொடுக்குமுன் முழு அளவில் தாளில் எடுத்து, அட்டையில் ஒட்டி, அதே இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்திப் பாருங்கள். படித்தவர்கள் தலை நிமிர்ந்து பாறையைத் தேடவில்லையென்றால் வாசகத்தை மாற்றுங்கள்.