காரின் கீழே தெரியும் யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணத்தைப் பார்க்க வருவோர்க்கு வழிகாட்டும் நூல்கள் நல்லூரையும் கோட்டையையும் கீரிமலைக் கேணியையும் காட்டுகின்றன. ஒரு பழைய மோட்டார்க் காரின் கீழே சாக்கு விரித்து மல்லாந்து படுத்துப் பார்க்கும்படி எந்த நூலும் சொல்வதில்லை. ஆயினும், இந்தக் குடாநாட்டின் மண்ணையும் நீரையும் காற்றையும், அது பட்ட பாட்டையும் நாம் பெரிதும் அறிந்துகொண்டது அவ்விடத்திலிருந்துதான்.

எம் வீட்டில் நிற்பது தந்தையார் விட்டுச்சென்ற 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் ஆக்கிய இவ்வகைக் கார் 1948 இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. ஏறக்குறைய 16 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. அவற்றுட் பல இலங்கைக்கு வந்தன. பின்னர் 1960 களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 வரை அந்த இறுக்கம் நீடித்தமையால், கார் வைத்திருந்தவர் அதைக் காப்பாற்றப் பழகினார்; புதிது வாங்கும் எண்ணத்தையே மறந்தார். யாழ்ப்பாணத்துக்கு அதன் மேலும் ஒரு காரணம் காத்திருந்தது. அதைப் பின்னர் சொல்வோம்.

மாதந்தோறும் செய்யும் சில்லறை வேலை வேறு. பன்னிரண்டாயிரம் மைலுக்கு ஒருமுறை செய்யும் பெரிய வேலை வேறு. அதற்கு எமக்கு ஆவணி விடுமுறையே தோது. சோளகம் வீசிக்கொண்டிருக்கும், மழைக்கு இன்னும் நாளிருக்கும். வேப்பமர நிழலில் காரை நிறுத்திப் பின் சில்லுகளுக்குக் கல் அணை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தியபின், பனங்குற்றி இரண்டை அடியிற் செருகுவோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே போகக்கூடாது என்பது தந்தையார் எமக்குச் சொல்லித்தந்த முதற் பாடம்.

எம் வளவு கோப்பாய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் உயிர் கொடுக்கும் இந்த மண், கோடையில் மாவாகிப் பறந்து காருக்குள் எங்கும் புகுந்துவிடும். காற்று வடிகட்டியின் வலையை மண்ணெண்ணெயிற் கழுவினால் கிண்ணத்தில் செங்குழம்பு இறங்கும். றேடியேற்றரைத் திறந்தால் வேறொரு யாழ்ப்பாணம் தெரியும். சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த நாடு இது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுவே றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைக்கும். ஆதலால் மாரியில் பீலியால் விழும் மழைநீரைப் பீப்பாயிற் பிடித்து, காருக்கென்று தனியே வைத்திருப்போம். வீட்டார் குடிப்பது கிணற்று நீர், காருக்கு வான்நீர்! இன்னும் கீழே போனால், தகடுகளின் ஓரத்தில் உப்புக் காற்றின் வேலை. பண்ணைப் பாலத்திலும் பொன்னாலைப் பாலத்திலும் அடிக்கடி ஓடிய கார்களை அவற்றின் அடித்தகட்டைக் கொண்டே இனங்காணலாம்.

ஒரு விடயத்தில் மட்டும் எம் நாடு காருக்கு இரக்கம் காட்டுகிறது. இங்கே ஏறுவதற்கு மேடில்லை. கீரிமலையிலும் மலை பெயரளவில்தான் உண்டு.

மேலே சொன்ன அந்தக் காரணம் யுத்தம். 1990 இன் பின் பெற்றோலும் பற்றறியும் வடக்கே கொண்டுவரத் தடைசெய்யப்பட்டன. தோட்டக்காரர் அதற்கு முன்னரே நீரிறைக்கும் இயந்திரத்தைச் சிறிது பெற்றோலில் முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டி வந்தனர். அந்த வித்தை காருக்கும் வந்தது. இங்கிலாந்தில் பெர்குசன் உழவு இயந்திரத்தில் ஒருவகை இவ்வாறு ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் எஞ்சினில் அமுக்கம் குறைவு. எம் காருக்கு அவ்வேற்பாடு இல்லை. மண்ணெண்ணெய் முற்றாக ஆவியாகாமல் சிலிண்டர்ச் சுவரை நனைத்துக் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். மேலே கரி படியும். அடிக்கடி ஒயில் மாற்றவேண்டும், ஒயிலோ கிடையாது. தலையைத் திறந்து கரி சுரண்டுவது அக்காலத்தில் வழமையான வேலையாயிற்று. நாம் அப்போது சிறுவர். சுரண்டிய கரியைச் சிரட்டையில் ஏந்துவது எம் பங்கு.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, ஓடுவதற்கு எண்ணெய் இல்லாமல் கார் வளவிலேயே நின்றது. தந்தையார் காபரேற்றரைக் கழற்றித் துணியிற் சுற்றி, வீட்டு உறுதியோடு அதே பையில் வைத்துக்கொண்டு நடந்தார். மறு ஆண்டு திரும்பியபோது வீட்டில் கூரை பாதி இருந்தது. கார் இருந்தது. கையில் காபரேற்றரும் இருந்தது.

இவ்வாண்டு வேலைக்கு எம்முடன் இறங்கியவன் உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கும் மகன். அவனுக்கு முதலில் மனமில்லை. "அப்பா, கராச்சிலை விட்டா அரை நாளிலை முடிச்சுத் தருவினம்," என்றான். அது பொய்யன்று. அன்றியும், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் காருக்கு நல்ல விலை கேட்டுவிட்டுப் போயிருந்தார். 2020 முதல் தடைப்பட்டிருந்த இறக்குமதி 2025 இல் திறக்கப்பட்டது. இனிப் பழைய காருக்கு என்ன மதிப்பு என்று வீட்டில் பேச்சு. வந்தவர் பூச்சைத் தடவிப் பார்த்தார். அடியில் குனிந்து பார்க்கவில்லை. பெரிய வேலை முடிந்த பின் மறுமொழி சொல்வதாக அவருக்குச் சொல்லியிருந்தோம்.

மகனை இழுத்தது வால்வு. இவ்வெஞ்சினில் எட்டு வால்வுகள். எட்டாவது முழுதும் திறந்து நிற்கும்போது முதலாவதைச் சரிசெய்யவேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. எப்போதும் இரண்டின் கூட்டுத்தொகை ஒன்பது. "ஏன் ஒன்பது?" என்று காகிதத்தில் எழுதிப் பார்க்கத் தொடங்கியவன் மதியச் சோற்றை மறந்தான். இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. அளவுத் தகடு சற்றே உரசிக்கொண்டு போகவேண்டும். இதைப் பார்த்துக்கொண்டிருந்த அயலூர் மெக்கானிக் ஐயா, எண்பது வயதைத் தாண்டியவர், சொன்னார்: "தம்பி, வால்வு மெல்லக் கதைச்சுக்கொண்டிருக்கட்டும். கதை நிண்டாத்தான் பயப்பிடோணும்." இடைவெளி இறுகினால் வால்வு சரியாக மூடாமல் எரிந்துபோகும் என்பதே அதன் பொருள்.

எல்லா வேலையையும் நாமே செய்வதாகச் சொல்லவில்லை. தலையைக் கழற்றுவதென்றால் அந்த ஐயாவின் கை வேண்டும். ஆனால் கிறீஸ் ஏற்றும் வேலையைப் பிறர் கையில் விடுவதில்லை. மைனரின் முன் சில்லைத் தாங்கும் சுழல்மூட்டின் கீழ்ப்பகுதி புரியிட்டது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறையேனும் கிறீஸ் போகாவிட்டால் அந்தப் புரி தேய்ந்து, ஒருநாள் சில்லு அப்படியே மடிந்து விழும். ஓட்டத்தின்போது அது முன்னறிவித்தல் பெரும்பாலும் தருவதில்லை.

வலப்பக்கத்தில் புதுக் கிறீஸ் பழையதைத் தள்ளிக்கொண்டு வெளிவந்தது. இடப்பக்கத்தில் மகன் எவ்வளவு அழுத்தியும் ஒன்றும் வரவில்லை. "போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அவன் எழும்பவில்லை. கிறீஸ் ஏற்றும் முனையைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். கல்லாய் இறுகிய செம்மண் அதன் வாயிலிருந்து கரைந்தது. மூட்டை அசைத்துப் பார்த்தோம். புரி இன்னும் நன்றாகவே இருந்தது. முனையைத் திரும்பப் பூட்டி அழுத்தியதும் கறுப்புக் கிறீஸ் புழுப்போல் வெளிவந்தது. எம் தாயார் வல்லிபுரக் கோயிலுக்குப் போவது அந்தப் பக்க முன் ஆசனத்தில்தான். அதை அவனே சொன்னான்.

ஒயில் வடித்தால் ஏறக்குறைய நான்கு லீற்றர் கறுப்பு எண்ணெய் சேரும். முன்னோர் அதைக் கறையான் அரிக்காமல் வேலிக் கதியாலுக்கும் கூரை மரத்துக்கும் பூசினார்கள். மிச்சத்தை மண்ணில் ஊற்றினார்கள். நாம் இனி அதைச் செய்ய இயலாது. சுண்ணக்கல்லில் வெடிப்புகள் பல. மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்குப் போகும். சுன்னாகம் மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரம் யாவரும் அறிந்ததே. பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்கும்படி 2019 இல் உயர் நீதிமன்றம் பணித்தது. நாம் வடித்த எண்ணெயைக் கலனில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் ஒரு கராச்சில் ஒப்படைத்தோம். அங்கிருந்த இளைஞர் எம்மைச் சற்று விநோதமாகப் பார்த்தார். அது கிடக்கட்டும்.

மாலையில் பண்ணைப் பாலத்தின் வழியே ஊர்காவற்றுறைக்குப் பரீட்சை ஓட்டம். இருபுறமும் ஆழமற்ற கடல். இறால் பிடிப்போரின் கூட்டுக் கம்புகள். சோளகம் காரைப் பக்கவாட்டில் தள்ளியது. வேலணை தாண்டி ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை அடைந்து, கடலின் நடுவே நிற்கும் ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்துக்கொண்டு எஞ்சினை நிறுத்தாமல் நின்றோம். வால்வுகள் மெல்லக் கதைத்தன. திரும்பும் வழியில், ஆளில்லாத நேர்வீதியில், மகன் கேட்டுக்கொண்டபடி இருமுறை பிறேக்கை அழுத்திப் பார்த்தோம். கார் இடப்பக்கம் சற்றே இழுத்தது.

கொழும்புக்காரருக்கு அன்றிரவே தொலைபேசியில் மறுமொழி சொல்லியாயிற்று. காலையில் நாம் எழும்பும் முன்னரே மகன் முன்பக்கத்தை உயர்த்திப் பனங்குற்றிகளைச் செருகிவிட்டு, இடப்பக்கச் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தான்.