பால் வாளியும் பல்கலைக்கழகமும்

கிள்ளானில் காலை ஏழரை மணிக்குக் கொம்யூட்டர் ரயில் ஏறினோம். நான், அண்ணி, அண்ணன் மகள். அவளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "பட்டம் வாங்கியாச்சு, வேலைக்குப் போகாம இன்னும் என்ன படிப்பு?" என்று அண்ணிக்கு மனத்தாங்கல். இடத்தையாவது பார்க்கட்டுமே என்று அழைத்துப் போனேன்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸில் பசியாறினோம். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம். ரயில்வேயில் உழைத்த தமிழர் பலர் குடியிருந்த இடம். தோசை விலையைச் சொல்லாமல் விடுகிறேன்.

அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் நான்காவது நிலையம் 'யுனிவர்சிட்டி'. பிறகு பஸ். 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய பல்கலைக்கழகம். 1962 முதல் கோலாலம்பூரில் தனித்து இயங்குகிறது. ஏரிக்கரையில் மர நிழலில் உட்கார்ந்ததும் அண்ணி கேட்டார்:

"அப்படி என்னடி அந்தப் படிப்பு?"

"ஸ்டோர்ல பால் நிறுத்ததும் கிராணி ஒரு சின்னக் குவளையில கொஞ்சம் எடுப்பாருன்னு சொல்வீங்களே அம்மா, அதுதான். கொஞ்சத்தைப் பார்த்து முழுசையும் கணக்குப் போடறது."

தோட்டத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நூறு பங்கு பாலில் ரப்பர் ஏறக்குறைய 30, 35 பங்குதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தக் குவளைப் பால் சொல்லும் கணக்கில்தான் கூலியே நின்றது.

"சில நாள் கலக்காமலே மேலாக மொண்டுடுவான். கேட்டா முறைப்பான்" என்றார் அண்ணி. இருபத்திரண்டு வருடம் பால் வெட்டியவர். அவர் வெட்டிய மரங்கள் செம்பனையாகி, இப்போது அங்கே வீடுகள்.

"கலக்காம எடுத்தா கணக்கு தப்பும்மா. எப்படி எடுக்கணும், எத்தனை தடவை எடுக்கணும், எவ்வளவு தப்பு வரலாம், எல்லாத்துக்கும் இதுல வழி இருக்கு."

நானும் ஒன்று சொன்னேன். எந்த ரக மரம் அதிகம் பால் தரும் என்று 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்ததே, அதற்கும் இந்தக் கணக்குத்தான் துணை. நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்று சீட்டுப் போட்டு நடுவார்கள். நல்ல மண்ணின் பெருமையை மரம் தட்டிக்கொண்டு போகக் கூடாதல்லவா? இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் பிஷர் என்பவர் வகுத்த முறை அது.

அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எனக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கும்?"

"பழைய செக்ரோல் இருந்தா பார்க்கலாம்மா."

"அதெல்லாம் எங்க இருக்கப் போகுது" என்று எழுந்தார். "சரி, பணம் எங்க கட்டணும்? ஆபீசு மூடிடப் போறான்."