எங்கே நோகிறது?

மொழிப் பாடங்கள் அனைத்தினுள்ளும் உடலுறுப்புகளின் பெயர்களைக் கற்பிப்பதே மிக எளியது என்பது ஆசிரியர் பலரது எண்ணம். கற்பித்தற் சாதனம் எதனையும் தேடி அலைய வேண்டியதில்லை. மாணாக்கர் ஒவ்வொருவரும் தலை, கை, கால்களோடு வகுப்புக்கு வந்துவிடுகின்றனர். தொட்டுக் காட்டினாற் போதும், பொருள் விளங்கிவிடும். கண்டி மாவட்டத்துச் சிங்களமொழிப் பாடசாலை ஒன்றில் ஆறாந் தரத்துக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிக்க அமர்த்தப்பட்ட ஆசிரியை ஒருவரும் அவ்வாறே எண்ணியிருந்தார். யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்த அவருக்கு அவ்வெண்ணத்தைத் திருத்திக்கொள்ள ஒரு தவணை சென்றது.

முதல் நாட் பாடம் வழமை போலவே நடந்தது. சுவரில் ஒரு சிறுவனின் படம் தொங்கியது. உறுப்புக்கு ஒரு கோடாக இருபத்திரண்டு கோடுகள். கோட்டின் முனையில் இருபத்திரண்டு பெயர்கள். ஆசிரியை சொல்ல, வகுப்பு முழுவதும் ஒரே குரலிற் சொல்லிற்று. பின்னர் அனைவரும் கொப்பியில் எழுதினர். பாடம் முடிந்தது என்றே அவர் நினைத்தார். அடுத்த கிழமை, “முழங்கையைத் தொடுங்கள்” என்றபோது பாதிப்பேர் குனிந்து முழங்காலைத் தொட்டனர். “இது என்ன?” என்று மூக்கைக் காட்டி ஒரு மாணவனிடம் வினவினார். அவன் கண்ணை மூடிக்கொண்டு, “தலை, நெற்றி, கண், காது, மூக்கு” என்று முதலிலிருந்து ஓதிக்கொண்டு வந்து மூக்கில் நின்றான். சொற்கள் அவனிடம் இருந்தன. ஆனால் அவை உடலிற் பொருந்தவில்லை, வரிசையிலேதான் பொருந்தியிருந்தன.

இம்முறை நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளிற் பிள்ளைகள் நிகண்டைப் பாட்டாகவே மனனம் செய்தனர். உடலை ஒழுங்காக வருணிப்பதற்கென்றே பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் பிரபந்த வகைகளும் தமிழில் உண்டு. ஆனால் அந்த வரிசைகள் தாய்மொழியிற் சொல்லை முன்னரே அறிந்தவர்க்கு உரியவை. சொல்லையே அறியாத பிள்ளைக்கு வரிசை ஒரு கைத்தடியாகிவிடுகிறது. அதனை விட்டு ஓரடி நடக்க இயலவில்லை.

வரிசையைக் குலைப்பதற்காகவே ஆசிரியை ஒரு வினாவிடை விளையாட்டை வகுத்தார். வகுப்பு இரண்டு அணியாயிற்று. முதற் சுற்றில் அவர் ஓர் உறுப்பின் பெயரைச் சொல்வார். ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒருவர் எழுந்து தம் உடலில் அதனைத் தொட வேண்டும். முந்தியவருக்குப் புள்ளி. பிறர் உடலைத் தொடலாகாது என்பதும், ஒருவர் உடலைக் குறித்து மற்றவர் சிரித்தால் அந்த அணி ஒரு புள்ளியை இழக்கும் என்பதும் தொடக்கத்திலேயே விதிக்கப்பட்டன. விளையாட்டில் ஒரு சூழ்ச்சியும் இருந்தது. “காது” என்று சொல்லிக்கொண்டே ஆசிரியை தம் மூக்கைத் தொடுவார். கண்ணை நம்பியவர் தோற்றனர். செவியை நம்பியவர் வென்றனர்.

சொல்லைக் கேட்டு உடலால் விடையளிக்கும் இம்முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் ஒரு கற்பித்தல் முறையாகவே வளர்த்தெடுத்தார். குழந்தை தாய்மொழியைப் பேசத் தொடங்குமுன் “வா”, “எடு”, “காட்டு” என்னும் சொற்களுக்கு உடலாலேயே மறுமொழி தருகின்றது என்பது அவர் கொண்ட அடிப்படை. பேசக் கூசும் பிள்ளையும் இவ்விளையாட்டிற் பங்குகொள்ள முடிந்தமைக்கு இதுவே காரணம்.

பிழைகளும் பயனுடையனவாயின. “கன்னம்” என்றதும் நால்வர் காதைத் தொட்டனர். ஆசிரியை முதலில் வியந்தார், பின்னரே விளங்கிற்று. சிங்களத்திற் காதுக்குப் பெயர் ‘கண’. வடமொழிக் கர்ணம் என்னும் சொல் அங்கே காதாகவே நின்றுவிட்டது. தமிழ் அகராதிகளும் கன்னம் என்பதற்குக் காது என்னும் பொருளைத் தருகின்றன. வழக்கில் அச்சொல் காதை விட்டுச் சற்று முன்னே நகர்ந்துவிட்டது. அந்நால்வருக்கும் அவர் அரைப் புள்ளி கொடுத்தார். கூந்தல் முடிச்சைக் கொண்டை என்று அவர் சொன்னபோது, தலைமயிருக்குத் தாம் வழங்கும் ‘கொண்டய’ அதுவே என்று வகுப்பு ஆரவாரித்தது. மணிக்கட்டுக்கு ஏன் அப்பெயர் என்று கேட்டபோது, “மணிக்கூடு கட்டுகிற இடம், ரீச்சர்” என்றான் ஒருவன். சொல்லாராய்ச்சியில் அவ்விடை நில்லாது. ஆயினும் அன்றிலிருந்து அச்சொல்லை எவரும் மறக்கவில்லை.

இரண்டாஞ் சுற்றிற் பெயர் கூறப்படாது. குறிப்பு மட்டும் கூறப்படும். புத்தகப் பையைத் தாங்குவது எது? முள் இருப்பதை முதலில் அறிவது எது? மூக்குக் கண்ணாடி எதிலே தங்கியிருக்கிறது? இறுதி வினாவுக்கு ஓர் அணி மூக்கு என்றது; மற்றது காது என்றது. இரண்டும் சரியே எனத் தீர்ப்பாயிற்று. பிள்ளைகள் தமிழிலே வாதாடத் தொடங்கியிருந்தனர். ஆசிரியைக்கு மனநிறைவு உண்டாயிற்று.

அந்த மனநிறைவைக் குலைத்தவள் பின்வரிசைச் சிறுமி ஒருத்தி. விளையாட்டில் அவள் ஒரு புள்ளியும் பெற்றவளல்லள். ஒரு நாள் இடைவேளையின்போது சுவர்ப் படத்தின் முன் தனியே நின்று, கோடு கோடாக விரலை ஓட்டி எதனையோ தேடிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டதற்கு, “ரீச்சர், ‘கடுக்குது’ எங்கே இருக்கிறது?” என்றாள்.

அவளுடைய தாய் ஒரு வைத்தியசாலையிற் சிற்றூழியர். முதல் நாள் இரவு, தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட முதிய பெண் ஒருவர், “கடுக்குது தாயி, கடுக்குது” என்று விடியும்வரை முனகியிருக்கிறார். அவ்வேளை விடுதியிலே தமிழ் அறிந்தவர் எவரும் இருக்கவில்லை. அம்மூதாட்டி கையை இடுப்பிலும் வைத்தார், வயிற்றிலும் வைத்தார், தொடையிலும் வைத்தார். மகள் தமிழ் படிக்கிறாளே என்று தாய் வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறார். கடுக்குது என்பது ஏதோ ஓர் உறுப்பின் பெயர் என்றே இருவரும் கருதினர். இருபத்திரண்டு கோடுகளில் ஒன்றின் முனையில் அது இருக்கும் என்று நம்பியே சிறுமி படத்தின்முன் நின்றாள்.

ஆசிரியை சிறிது நேரம் விடை கூறவில்லை. முதன்முதலாக இப்பகுதிக்கு மாற்றம் பெற்று வந்த ஆண்டில் அவரும் ஒரு விடுதியிற் கிடந்தவர். “கொஹெத ரிதென்னே?” என்று தாதி கேட்டார். எங்கே நோகிறது என்பது அதன் பொருள் என்று அவருக்கு ஒருவாறு விளங்கிற்று. வயிற்றுக்கு ‘பட’ என்று சொல்லவும் தெரிந்திருந்தது. ஆனால் எரிகிறதா, குத்துகிறதா, முறுக்குகிறதா என்று சொல்ல அவரிடம் சொல் இருக்கவில்லை. விரல் இடத்தைக் காட்டும். நோவின் தன்மையைக் காட்டாது. தாம் பட்டதை மறந்து, தம் மாணாக்கருக்கும் அதே குறையுள்ள பாடத்தையே அவர் நடத்தி வந்திருந்தார். தொடுவதற்குச் சொற்கள் கொடுத்தார். சொல்வதற்கும் கேட்பதற்கும் கொடுக்கவில்லை.

அதன் பின்னரே மூன்றாஞ் சுற்று உண்டாயிற்று. ஒருவர் நோயாளி; மற்றவர் வைத்தியர். நோயாளியிடம் இரகசியமாக ஒரு மட்டை கொடுக்கப்படும். அதிலுள்ள நோவை அவர் தமிழிற் கூற வேண்டும். கையாற் சுட்டக் கூடாது. வைத்தியர் மூன்று வினாக்களுக்குள் இடத்தையும் தன்மையையும் கண்டறிய வேண்டும். இங்கே விரைவுக்குப் புள்ளி இல்லை. இருவருக்கும் சேர்த்தே புள்ளி. விளங்கிக்கொள்ளாவிடின் இருவருக்கும் இல்லை.

மட்டைகளைத் தயாரிக்கும்போதுதான் தமிழின் ஒரு செல்வத்தை ஆசிரியை புதிதாகக் கண்டார். நமது உறுப்புகள் யாவும் ஒரே வகையாக நோவதில்லை. கண் எரியும், உறுத்தும். பல் கூசும். தலை இடிக்கும். மூட்டு உளையும். கால் விறைக்கும். நெஞ்சு அடைக்கும். இடுப்புக் கடுக்கும். உறுப்பின் பெயரை அறிந்தவன் மொழியின் பாதியையே அறிந்தவன். அதற்குரிய வினையையும் அறிந்தபோதே பிறர் நோவு அவனுக்கு எட்டுகிறது.

இன்னொரு சங்கடமும் எழுந்தது. யாழ்ப்பாணத்தவரான ஆசிரியை இடுப்பின் பின்புறத்தை நாரி என்பார். உதட்டைச் சொண்டு என்பார். கன்னத்தைச் சொக்கு என்பார். “நாரி உளையுது” என்பதே அவர் வீட்டு வழக்கு. மலையகத்து மூதாட்டியின் வாயில் அதுவே “இடுப்புக் கடுக்குது” என வருகிறது. பாடநூலோ முதுகு என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. இம்மாணாக்கர் நாளை எந்தத் தமிழரைச் சந்திப்பர்? சுற்றியுள்ள தோட்டங்களின் மக்களையே பெரும்பாலும் சந்திப்பர். ஆதலால் மட்டைகளில் எழுத்து வழக்கோடு மலையகப் பேச்சு வழக்கும் இடம்பெற்றது. தம் ஊர்ச் சொல்லைப் பின்னுக்கு வைக்க அவருக்குச் சற்று மனம் நொந்தது, ஆயினும் வைத்தார்.

உடலின் பெயர்களைப் பற்றி இந்நாட்டிலே தமிழில் ஒரு பெருமுயற்சி முன்னரும் நடந்ததுண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தார். 1872இல் வெளியான ‘மனுஷ அங்காதிபாதம்’ அம்முயற்சியின் பயன்களுள் ஒன்று. கேசாதிபாதத்தை நினைவூட்டும் அப்பெயரே அவரும் அவரது மாணவரும் தமிழோடு எவ்வளவு நெருங்கி உழைத்தனர் என்பதைக் காட்டும். தம் மக்களின் மொழியை அறியாத வைத்தியன் பாதி வைத்தியனே என்பதற்கு அவ்வுழைப்புச் சான்றாகும். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் எனக் கூறிற்று. எனினும் ஒரு விடுதியின் நள்ளிரவிலே அச்சட்டம் வாய் திறந்து பேச வேண்டுமாயின், அங்கே நிற்கும் ஒருவர் ‘கடுக்குது’ என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இலக்கணம் கற்றோர் அறிந்த செய்தி ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. உறுப்பின் பெயரைச் சினைப்பெயர் என்றனர் நம் முன்னோர். சினையின் வினை சினையோடும் முடியலாம். முதலோடும் முடியலாம் என்றனர். “கால் முறிந்தது” என்பதும் வழக்கு; “கால் முறிந்தான்” என்பதும் வழக்கு. முன்னையதில் முறிந்தது கால் மட்டுமே. பின்னையதில் முறிவு அந்த ஆளையே சேர்ந்துவிடுகிறது. சுவரிலே தொங்கிய படத்தில் உறுப்புகள் இருந்தன. உறுப்புகளை உடையவர் இருக்கவில்லை. மூன்றாஞ் சுற்றிலேதான் அவர் வகுப்புக்குள் வந்தார்.

தவணைப் பரீட்சையில் வழமையான வினாவே வந்தது. படத்தைப் பார்த்துப் பெயரெழுதுமாறு கேட்கப்பட்டது. கண் எரியும், கால் விறைக்கும் என்பனவற்றுக்கு அங்கே புள்ளி இல்லை. பின்வரிசைச் சிறுமி இடைத்தரமான புள்ளிகளையே பெற்றாள். எழுத்துப் பிழைகள் பல. ஆனால் பரீட்சைக்குப் பின் அவள் தன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். இறுதிப் பக்கங்களில் அவளுடைய தாய் தமிழ் வாக்கியங்களைச் சிங்கள எழுத்திலே வரிசையாக எழுதியிருந்தார். எங்கே நோகிறது? எப்போது தொடங்கியது? எரிகிறதா? கடுக்கிறதா? இரவு விடுதியிலே அவர் அதனைப் பார்த்துப் பார்த்துக் கேட்கிறாராம். விடையிற் பாதிதான் விளங்குகிறதாம். அப்பாதியைக் கொண்டு வைத்தியரை அழைக்க முடிகிறதாம்.

பட்டியலின் முடிவில் ஓரிடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அங்கே எழுதுவதற்குத் தாய் ஒரு வாக்கியம் கேட்டனுப்பியிருந்தார். அது எந்த உறுப்பின் பெயரும் அன்று. எந்த நோவின் பெயரும் அன்று. பயப்பட வேண்டாம் என்று தமிழில் எப்படிச் சொல்வது என்பதே அவர் கேட்டது. ஆசிரியையின் வாயில் முதலில் வந்தது “பயப்படாதேயுங்கோ” என்னும் தம் ஊர் வழக்கு. சற்று நிதானித்து, மலையகத்தார் சொல்வது போலவே “பயப்படாதீங்க அம்மா” என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த நாள் அதே வாக்கியம் வகுப்பின் கரும்பலகையிலும் எழுதப்பட்டது. அன்று அதற்குப் புள்ளி எதுவும் வழங்கப்படவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து அதனைச் சொல்லிப் பழகினர்.