மொதல்ல தண்ணி காட்டு

துபாயில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் அடித்தளத்தில், விடியும் முன்பே ஒரு தம்பி என் காரைத் துடைத்து வைத்துவிடுவார். நாள்கணக்கில் அழுக்கேறித் தெருவில் கிடக்கும் வண்டிக்கு இங்கே 500 திர்ஹாம் அபராதம். எனக்கு அந்தக் கவலை இல்லை. இறங்கி வரும்போது பளபளவென்று நிற்கும். ஒரு துளி ஈரம்கூட இருக்காது. தூசி நனையும்போது குப்பென்று எழுமே, அந்த வாசனையும் இருக்காது.

அது அம்பாசமுத்திரத்துப் பக்கம், தாத்தா வீட்டு வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டது.

தாத்தாவுக்குக் கண் மங்கிய பிறகு அவருடைய அம்பாசிடரை ஓட்ட ஆளில்லை. வருஷத்தில் பதினோரு மாதம் வெயிலிலும் மழையிலும் அது சும்மா நிற்கும். மே மாதம் பம்பாயிலிருந்து நாங்கள் வந்திறங்கிய மறுநாள், வெயில் ஏறுவதற்குள் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடுவார். நானும் பின்னாலேயே.

முதலில் ஒரு சத்தம். கையிலிருக்கும் கம்பால் பானெட்டில் மூன்று தட்டு. "உள்ள இருக்கவன் எந்திச்சுப் போகட்டும்ல." பாம்போ ஓணானோ, யாராயிருந்தாலும் அவர்களுக்கு அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் திறப்பார். கதவின் கைப்பிடிக்குப் பின்னால் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு நாலு கதவையும் விரியத் திறந்து போட்டுவிட்டு அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். பதினோரு மாதம் அடைந்து கிடந்த காற்று வெளியே போக வேண்டும் என்பார். பம்பாயில் வாரம் முழுக்க அவர் என்னிடம் பேசாத பேச்செல்லாம் அந்த அரைமணியில் வரும்.

எஞ்சின் பக்கம் என்னை விடமாட்டார். பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் கழற்றுவார். எலி கூடு வைத்திருந்தால் துடைப்பத்தைத் தொடவே கூடாது. தூசியோடு அதன் அழுக்கெல்லாம் மூக்கில் ஏறும். வாயில் துண்டைக் கட்டி, கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை அதன்மேல் தெளித்து, ஊறவிட்டு, ஈரத்தோடு அள்ளிப் போடுவார். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து முடிக்கிறவரை சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும்.

அதற்குப் பிறகுதான் கிணற்றுக் கப்பியின் கிறீச்சல். இரும்பு வாளி தண்ணீரில் மோதும் ஓசை. மாட்டுக்குச் சொல்வதுபோலவே சொல்வார்: "தொடாதல. மொதல்ல தண்ணி காட்டு."

கூரையிலிருந்து கீழ்நோக்கி, சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. மண் தானாக இளகிச் செம்மண் ஓடையாய் வழிந்து மட்கார்டைத் தாண்டும். காக்கை எச்சம் காய்ந்திருந்த இடங்களில் நனைத்த துணியைப் போட்டுப் பத்து நிமிஷம் விட்டுவிடுவோம். சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வரும். கண்ணாடிக்கு அடியில் சேர்ந்திருக்கும் வேப்பிலைச் சருகை நான் அள்ளுவேன். என் சின்னக் கைக்குத்தான் அந்த இடுக்கு இடம் கொடுக்கும். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகளை ஈர்க்குச்சியால் குத்தி விடுவதும் என் வேலை. பிறகு இரண்டு வாளி: ஒன்றில் நுரை, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். மரத்து நிழல் நகர்வதற்குள் முடித்தாக வேண்டும். சூடேறிய தகட்டில் சோப்பு காய்ந்தால் திட்டுத் திட்டாய் நின்றுவிடும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அப்பா எழுவதற்குள் அவரை அசத்திவிட வேண்டுமென்று, காய்ந்த துணியால் இடது பக்கப் பின்கதவை மட்டும் அழுத்தித் துடைத்து வைத்தேன். அவர் திட்டவில்லை. என் தோளைப் பிடித்துச் சாய்வாக நிறுத்தினார். காலை வெயில் கதவில் படிந்தபோது தெரிந்தது: சிலந்தி வலைபோல, வட்டவட்டமாய், நூற்றுக்கணக்கில் கீறல்கள். "தூசிங்கது மண்ணுதான? மண்ணப் போட்டுத் தேச்சா?" அவ்வளவுதான் சொன்னார். அதன்பின் ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கதவை அவரே கழுவினார். மற்றதைவிடக் கொஞ்சம் மெதுவாக.

உங்கள் வீட்டு முற்றத்திலும் ஏதோ ஒரு வண்டி நின்றிருக்கும். ஸ்கூட்டராகவோ, தாத்தாவின் சைக்கிளாகவோ. அதைக் கழுவியவர் குரல் இன்னும் உங்கள் காதில் இருக்கும்.

2014-ல் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு நின்ற செய்தியை இங்கே செல்போனில் படித்தேன். அப்பா போய் அப்போது எட்டு மாதம். அப்படியொரு வண்டி இனி வராது என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல வேண்டியவர் இல்லை.

அடுத்த ஆண்டு சித்தப்பா வண்டியை விற்றுவிட்டார். நான் குறை சொல்லவில்லை. பார்த்துக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்? போனில் ஒன்றே ஒன்று கேட்டேன், கொடுக்கும் முன் கழுவினீர்களா என்று. இல்லையாம். வாங்க வந்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்தப் பின்கதவைத்தான் ஒருதரம் அழுத்தித் துடைத்துப் பார்த்தாராம்.

தண்ணி காட்டாமல்.