பாலம் தாண்டினால் வளனார்

வீடு திருப்பாப்புலியூர். கெடிலம் பாலத்தைத் தாண்டினால் மஞ்சக்குப்பம், அங்கே பள்ளி. 1868-ல் தொடங்கியது. பலகையில் 'புனித வளனார்', சர்ச்சில் 'சூசையப்பர்', பஸ்ஸில் 'ஜோசப் ஸ்கூல்'. மூவரும் ஒரே தச்சர்தான் என்று எனக்கு விளங்க ஏழாம் வகுப்பு ஆயிற்று! அவர் திருநாள் மார்ச் 19. சரியாகப் பரீட்சை நேரத்தில் வரும். திருநீறு பூசியவனும் அன்று ஒரு மனு போட்டுவைப்பான்.

படிப்பு எங்கள் ஊருக்குப் புதிதில்லை. இது பாடலிபுத்திரமாக இருந்தபோது, இங்கிருந்த சமணப் பள்ளியில்தான் அப்பர் தருமசேனராக இருந்தார் என்கிறது பெரியபுராணம். 'பள்ளி' என்ற சொல்லே சமணர்கள் விட்டுப்போனது என்பார்கள்.

பாடலீசுவரர் கோயில் மணி கேட்டுக் கிளம்பினால் பள்ளியின் முதல் மணிக்குப் போய்விடலாம். பாலத்தில் கடல்காற்று சைக்கிளைத் தள்ளினால் இரண்டாவது மணிதான்.