காத்திருப்பு யாருடைய சொல்?

"மேடம், எத்தனை பர்சன்ட் வரைக்கும் வரலாம்?" ஆற்காட்டில் என்னிடம் வரும் ஆய்வு மாணவிகள் கருத்துத் திருட்டைப் பற்றி முதலில் கேட்பது இதைத்தான். பலரும் வீட்டின் முதல் பட்டதாரிகள். அம்மாக்கள் ராணிப்பேட்டையிலோ மேல்விஷாரத்திலோ ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். பதிவு ரத்தானால் இந்தப் பெண்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைப்பது கடினம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் திருத்திய ஏட்டைத் தருவதற்கே ஓராண்டுத் தடை. அதற்கும் மேலே போனால் பதிவு ரத்து. மூலம் சொல்லி முறையாக மேற்கோள் காட்டிய பகுதிகள் இந்தக் கணக்கில் சேராது. எனவே மேற்கோளுக்கு யாரும் பயப்பட வேண்டாம். பயந்துகொண்டு சொற்களை மட்டும் மாற்றிப் போடுவதில்தான் ஆபத்து.

மென்பொருள் பார்ப்பது சொற்களின் ஒற்றுமையை. ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கித் தன் கருத்தாக வைத்தால் அது பெரும்பாலும் அகப்படாது, ஆனாலும் திருட்டுதான். தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என்று பிரித்து, மொழிபெயர்ப்பை வழிநூலின் ஒரு வகையாக வைக்கிறது. வழிநூல் எழுதுவதில் இழுக்கில்லை. அதை முதல்நூல் என்று காட்டுவதில்தான் இழுக்கு.

அச்சேறாத பேச்சு இன்னும் எளிதாகக் களவு போகும். ஆய்வு மாணவியாக இருந்தபோது, ஆம்பூர்ப் பக்கம் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைக்கும் பெண்களிடம் பேசிவந்தேன். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஓர் அக்கா சொன்னார்: "தைக்கிறதுக்குத்தான் காசு குடுக்கிறாங்க. பீஸ் எப்ப வரும்னு எங்கயும் போகாம காத்துக் கெடக்குறோமே, அது யார் கணக்குல?"

என் குறிப்புகளைப் படிக்கக் கேட்டு வாங்கிய மூத்த ஆய்வாளர் ஒருவரின் கட்டுரை சில மாதங்களில் வெளிவந்தது. அதில் 'ஊதியமற்ற காத்திருப்பு' அவர் கண்டெடுத்த கோட்பாடாக இருந்தது. என் பெயர் இல்லை. அக்காவோ வெறும் 'தகவலாளி' ஆகியிருந்தார். கேட்டதற்கு, "களத்தரவு எல்லோருக்கும் பொதுதானே" என்றார். மென்பொருளில் போட்டிருந்தால் அந்தக் கட்டுரை குற்றமற்றது என்றே வந்திருக்கும். பிறகு, என் ஆய்வேட்டில் அக்காவின் கருத்தை எழுதிய இடத்தில், அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டச் சொன்னார்கள். நேர்காணலின் தேதியைக் காட்டி, அடிக்குறிப்பில் அக்காவையே முதலில் நிறுத்தினேன். அதற்காக வாய்மொழித் தேர்வில் நெடுநேரம் வாதாட வேண்டியிருந்தது.

வெளியிடாத உழைப்பு பொதுச்சொத்தாகிவிடுவது இங்கே மட்டும் நடப்பதல்ல. லண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வில் 1952இல் எடுத்த டிஎன்ஏ எக்ஸ்ரே படம், அவருக்குத் தெரியாமலே 1953 ஜனவரியில் ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. அந்த ஏப்ரலில் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட கட்டுரை, பிராங்க்ளின் முதலானோரின் வெளியிடப்படாத முடிவுகளைப் பொதுவாக அறிந்திருந்ததாக மட்டும் சொன்னது.

அதனால் என் மாணவிகளிடம் சதவீதத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும் குறிப்பேட்டைப் பற்றி அதிகமாகவும் பேசுகிறேன். பிறர் வாக்கியத்தை எழுதும்போதே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிடுங்கள். நாள் கழித்தால் அது உங்கள் வாக்கியம்போலவே தோன்றும். ஒரு கருத்தை உங்கள் நடையில் சொல்லும்போது புத்தகத்தை மூடிவைத்து எழுதுங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். அப்போதும் மூலத்தைச் சொல்லியாக வேண்டும். மொழிபெயர்த்தால் மொழிபெயர்த்ததாகக் குறிப்பிடுங்கள். குறிப்புகளை யாருக்காவது தந்தால், தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

நேர்காணலில் பேசிய பெண்ணின் உண்மைப் பெயரை அச்சிட்டால் அவருக்கு வேலை போகலாம். அவரையே ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். கருத்து அவருடையது என்றால், அந்தப் பெயரிலேயே, அவர் இப்படிச் சிந்தித்தார் என்று எழுதுங்கள்.